இலங்கை ரிச் கேக் நடுவில் களியாகவும் ஓரத்தில் கருகியும் வருவது ஏன்? சரியான அளவும் முறையும் என்ன?

நீங்கள் கேட்ட இரண்டு குறைகளோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும்: நடுப்பகுதி களியாக நிற்கிறது, ஓரம் கருகுகிறது, ரவை பல்லில் கடிபடுகிறது. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ரிச் கேக்கை பட்டர் கேக் போல, ஸ்பஞ்ச் போல நினைத்துச் செய்வதுதான் அந்த இடம். இந்தக் கேக் எழும்ப வேண்டியதில்லை. 250 கிராம் ரவைக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் பழம் போகிறது. பாகில் ஊறிய அந்தப் பழத்தையும் கஜுவையும் மஞ்சள் கருவும் ரவையும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் பேக்கிங் பவுடர் வேண்டாம். பழத்தின் ஈரம், ரவை ஊறும் நேரம், சூட்டின் அளவு ஆகிய மூன்றிலும்தான் கவனம் இருக்க வேண்டும்.

கோதுமை மாவுக்குப் பதில் ரவை போடுவதற்கும் காரணம் இருக்கிறது. இவ்வளவு பாரமான பழக்கலவையை மாவோடு போட்டுக் கிளறினால் மாவு இழுபட்டு கேக் இறுகிப்போகும். ரவை அப்படி இழுபடாது. ஈரத்தையும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஊறாத ரவை மணலாகவே நிற்கும்.

கீழே உள்ள அளவு 23 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுக்கானது. தட்டின் உயரம் 7 சென்ரிமீற்றராவது இருக்கட்டும், கலவை ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரும்.

ரவை 250 கிராம், உப்புள்ள பட்டர் 250 கிராம், பொடிச் சீனி 350 கிராம், பெரிய முட்டையின் மஞ்சள் கரு 10, வெள்ளைக் கரு 4, வறுக்காத கஜு 250 கிராம்.

பழங்கள்: சுல்தானா 250 கிராம், பிளம்ஸ் (இலங்கையில் கறுப்பு உலர்திராட்சைக்கு வழங்கும் பெயர்) 250 கிராம், பூசணித் தோசி 250 கிராம், சீனிப் பாகில் ஊறிய சௌசௌ (பாகு வடித்த பின்) 200 கிராம், சீனிப் பாகில் ஊறிய இஞ்சி (பாகு வடித்த பின்) 125 கிராம், செரி 125 கிராம், சீனியில் பதப்படுத்திய தோடம்பழத் தோல் 75 கிராம். நீற்றுப் பூசணியில் செய்யும் அந்தத் தோசி கிடைக்காத ஊரில் இந்தியக் கடைகளில் விற்கும் வெள்ளைப் பேட்டாவை வாங்கலாம், இரண்டும் ஒரே காயில் செய்வதுதான். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

வாசனைக்கு: ஏலக்காய்த் தூள் 1½ தேக்கரண்டி, கறுவாத் தூள் 1½ தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் 1 தேக்கரண்டி, கராம்புத் தூள் ½ தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், தேசிக்காய்த் தோல் துருவல் 1 தேக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, பிரண்டி 60 மில்லிலீற்றர், ரோஸ் வாட்டர் 2 மேசைக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி, ஆமண்ட் எசன்ஸ் ¼ தேக்கரண்டி. ரோஸ் வாட்டரும் ரோஸ் எசன்ஸும் ஒன்றல்ல. எசன்ஸை மேசைக்கரண்டியால் அளந்து ஊற்றினால் கேக் முழுக்கச் சவர்க்கார வாசனைதான் வரும், சில துளிகள் போதும். கராம்பு கூடினால் நாக்கு மரத்து, மற்ற வாசனைகள் எல்லாம் அமுங்கிவிடும்.

சீனியின் அளவு குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம். பல வீடுகளின் பழைய கொப்பிகளில் ரவையைப் போல இரண்டு மடங்கு சீனி எழுதியிருக்கும். தோசியும் இஞ்சியும் செரியும் ஏற்கெனவே சீனியில் ஊறியவை, ஆகவே இனிப்புக்கு 350 கிராமே தாராளம். அதைவிட முக்கியமானது, சீனி கூடக் கூட முட்டை இறுகுவதற்கும் ரவை வேகுவதற்கும் அதிகச் சூடு தேவைப்படும். உங்கள் கேக்கின் நடுப்பகுதி களியாக நிற்பதில் கூடுதல் சீனிக்குப் பெரும் பங்கு உண்டு.

மற்றப் பங்கு வடிக்காத பாகுக்கு. சௌசௌவையும் இஞ்சியையும் போத்தலிலிருந்து எடுத்து அப்படியே வெட்டிப் போடக்கூடாது. வடிதட்டில் போட்டு ஓர் இரவு முழுக்க வடியவிட்டு, பிறகு வெட்டுங்கள். வடிந்த பாகைக் கொட்ட வேண்டாம், பிறகு தேவைப்படும். செரியை இளஞ்சூட்டு நீரில் அலசி, துணியில் ஒற்றி உலர்த்துங்கள்.

பழம் வெட்டுவதுதான் இந்தக் கேக்கின் பெரிய வேலை. எல்லாம் பயறு அளவுக்கு வர வேண்டும், சுல்தானாவையும் முழுதாக விடக்கூடாது. கத்தியில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிவிடலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மிக்ஸியில் பழம் நசுங்கிச் சாறு விட்டு, களிம்பாகிவிடும். அந்தக் களிம்பு ரவைக்கு இடையில் புகுந்து நடுவை வேகவிடாது. வெட்டிய கேக் துண்டில் செரியின் சிவப்பும் தோசியின் கண்ணாடித் துண்டும் தனித்தனியாகத் தெரிவது கையால் வெட்டினால் மட்டுமே. ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு மாலையாகப் பிரித்து வெட்டுங்கள், வீட்டில் இன்னொருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பழத்தைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் போட்டு, வாசனைத் தூள்கள், தேன், ரோஸ் வாட்டர், பிரண்டி எல்லாம் சேர்த்துக் கலந்து மூடி வைக்க வேண்டும். மூன்று நாளாவது ஊறட்டும், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள். கஜுவை இதில் சேர்க்காதீர்கள், ஊறினால் நொறுநொறுப்புப் போய்விடும். கஜுவை அரிசி அளவுக்குக் கொத்தி, கேக் அடிக்கும் அன்று சேர்த்தால் போதும். மது சேர்க்காதவர்கள் தோடம்பழச் சாற்றில் ஊறவிடலாம், ஆனால் ஓர் இரவு மட்டும், அதுவும் குளிர்சாதனப் பெட்டியில். அந்தக் கேக் வெளியில் வாரக்கணக்கில் நிற்காது, பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

இனி ரவை. மெல்லிய ரவையாக வாங்குங்கள். பருமனான ரவை மட்டும் கிடைத்தால் மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றி எடுக்கலாம். ஐரோப்பியக் கடைகளில் வரும் ரவை பெரும்பாலும் டூரம் கோதுமையில் செய்தது, அது கடினமானது, கூடுதல் நேரம் ஊற வேண்டும். ரவையை மெல்லிய தீயில் 8 முதல் 10 நிமிடம் நிறம் மாறாமல் வறுங்கள். வாசம் வந்ததும் இறக்கி, கைச்சூட்டுக்கு ஆறியதும் மெதுவான பட்டரோடு சேர்த்து நன்றாகப் பிசைந்து, மூடி, ஓர் இரவு சமையலறையிலேயே வைத்துவிடுங்கள். கொதிக்கும் ரவையில் பட்டரைப் போட்டால் பட்டர் உருகி, எண்ணெயாகப் பிரிந்து, பிறகு அடிபடாது.

மறுநாள் மஞ்சள் கருவையும் சீனியையும் 8 முதல் 10 நிமிடம், வெளிர் நிறமாகித் தடிக்கும் வரை அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் விழும் கலவை மேலே நாடா போல ஒரு கணம் நின்று மறைய வேண்டும். முட்டை அறைச்சூட்டில் இருக்கட்டும், குளிர்ந்த முட்டை பட்டரைத் திரிய வைக்கும். ரவைப் பட்டரைச் சற்று அடித்து இளக்கிக்கொண்டு, முட்டைக் கலவையை நான்கைந்து தடவையாகச் சேருங்கள். வனிலா, ஆமண்ட் எசன்ஸ், தேசிக்காய்த் தோல், பிறகு பழம், கடைசியில் கஜு. இந்த நிலையில் மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். பட்டரில் இருக்கும் நீர் சொற்பம். முட்டையிலும் பழத்திலும் உள்ள ஈரத்தை ரவை குடிப்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான். கலவை முன்பைவிடக் கெட்டியாவது கரண்டியிலேயே தெரியும். அதன் பிறகு நான்கு வெள்ளைக் கருவையும் மெல்லிய முனை வளையும் பதத்துக்கு அடித்து, அமுக்காமல் மடித்துக் கலக்க வேண்டும். கட்டியாக நிற்கும் வரை அடித்தால் கேக் ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் நடு குழிந்துவிடும்.

ஓரம் கருகுவதற்கு மருந்து தாள். இந்தக் கேக் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சூட்டில் இருக்கிறது. நடு வேகுமுன் ஓரத்தின் சீனி கருகிவிடுவதுதான் நடப்பது. தட்டின் அடியிலும் சுற்றிலும் மூன்று நான்கு மடிப்பு பிறவுண் தாள், அதற்கு மேல் பட்டர் பூசிய எண்ணெய்த் தாள் போடுங்கள். தட்டுக்கு வெளியேயும் நான்கைந்தாக மடித்த தாளைச் சுற்றி நூலால் கட்டுங்கள். கறுப்புத் தட்டு வேண்டாம், வெளிர் நிற அலுமினியத் தட்டே சிறந்தது.

ஓவனை 140 டிகிரி செல்சியஸுக்கு முன்னதாகவே சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 125. நடுத் தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். மேசை மேல் வைக்கும் சின்ன ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும், ஆகவே அதில் தொடக்கத்திலிருந்தே மேலே அலுமினியத் தாள் ஒன்றைத் தளர்வாகப் போடலாம். மற்றவற்றில் ஒரு மணி நேரம் கழிந்து, மேற்பரப்பு பொன்னிறமான பின் மூடினால் போதும். சின்ன ஓவன்களின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது.

நேரம் இரண்டரை முதல் மூன்று மணி. வெந்ததா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குச்சியைக் குத்தி எடுத்தால் இந்தக் கேக்கில் அது சுத்தமாக வரவே வராது, ஏதாவது ஒரு தோசித் துண்டின் பாகு ஒட்டியிருக்கும். குச்சியில் ஒட்டியதை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது பழப்பாகு, கவலை இல்லை. ஈரமும் மணலுமாக உருண்டால் வேகாத ரவை, இன்னும் 20 நிமிடம் விடுங்கள். காதையும் பயன்படுத்தலாம்: வேகும்போது கேக் சிறிய சீறல் ஒலியோடு இருக்கும், வெந்து முடியும்போது அது ஏறக்குறைய அடங்கிவிடும். முழுக்க மௌனமாகிவிட்டால் காயத் தொடங்கிவிட்டது என்று பொருள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 93 முதல் 95 டிகிரி காட்ட வேண்டும், இதுதான் ஐயமில்லாத வழி.

வெளியே எடுத்ததும் இன்னும் சூடாக இருக்கும்போதே மெல்லிய குச்சியால் பல இடத்தில் குத்தி, 3 மேசைக்கரண்டி பிரண்டியையும், வடித்து வைத்த இஞ்சிப் பாகில் ஒரு மேசைக்கரண்டியையும் கலந்து மேலே ஊற்றுங்கள். தட்டிலேயே முழுக்க ஆறட்டும், ஓர் இரவு ஆகும். சூடு இருக்கும்போது சுற்றினால் உள்ளே நீர் பூத்து பூஞ்சணம் பிடிக்கும். ஆறிய பின் கருகிய ஓரம் இருந்தால் அப்போதே கத்தியால் சீவிவிடுங்கள். அப்படியே சுற்றி வைத்தால் அந்தக் கசப்பு சில நாளில் உள்ளேயும் பரவும். முதலில் எண்ணெய்த் தாள், அதற்கு மேல் அலுமினியத் தாள், பிறகு மூடியுள்ள டப்பா. பழத்தின் புளிப்பு படும்படி அலுமினியத் தாளை நேரே சுற்றக்கூடாது.

மறுநாள் வெட்டிப் பார்த்து நடு வேகவில்லை என்று தெரிந்தாலும் வீணாக்க வேண்டாம். அலுமினியத் தாளால் மூடி 140 டிகிரியில் மீண்டும் 30 முதல் 40 நிமிடம் வைத்தால் இறுகிவிடும். ஸ்பஞ்சில் இது முடியாது. இதில் எழுச்சி எதுவும் இல்லாததால் இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. மாறாகக் காய்ந்துவிட்டால் தேனும் பிரண்டியும் சம அளவில் இளஞ்சூடாக்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் தூரிகையால் பூசிவாருங்கள்.

ஒரு வாரம் ஆகுமுன் வெட்டினால் உதிரக்கூடும், வாசனையும் தனித்தனியாகத் தூக்கலாக இருக்கும். இரண்டு வாரத்தில் எல்லாம் ஒன்றுசேரும். டிசம்பர் 25க்கு வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் பழம் வெட்டி, டிசம்பர் 10க்குள் கேக் அடித்துவிடுவது வசதியான கணக்கு.

மேலே ஐசிங் வேண்டுமென்றால் இலங்கையில் அதிகம் போடுவது கஜுவில் செய்த ஆமண்ட் ஐசிங். 250 கிராம் கஜுவை உலர்வாக, விட்டுவிட்டு அரையுங்கள், தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் விட்டுவிடும். சலித்த 500 கிராம் ஐசிங் சீனி, சில துளி ஆமண்ட் எசன்ஸ் சேர்த்து, மிச்சமான வெள்ளைக் கருவில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு சப்பாத்தி மா பதத்துக்குப் பிசைய வேண்டும், முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். பச்சை முட்டை என்பதால் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுப்பதென்றால் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக் கருவைப் பயன்படுத்துங்கள். கேக்கின் மேல் சூடாக்கிய ஜாமை மெல்லியதாகப் பூசி, உருட்டிய ஐசிங்கை ஒட்டி, ஒரு நாள் திறந்தபடி உலரவிடுங்கள். மீதி வெள்ளைக் கருக்களை உறைபெட்டியில் வைத்து பிறகு மெரிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டுமுன் கேக்கை இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். நீளமான கூரிய கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து, இழுக்காமல் நேரே கீழே அமுக்கி வெட்டினால் செரியும் கஜுவும் பிய்ந்து வராது. நான்குக்கு இரண்டரை சென்ரிமீற்றர் துண்டு ஒருவருக்குப் போதுமானது. வெட்டிய துண்டுகளை உடனே எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிவிடுங்கள், திறந்து வைத்தால் வெட்டிய முகம் ஓர் இரவிலேயே காய்ந்துவிடும்.