குட்டியைத் தருகிறவர் உங்களிடம் என்ன கேட்கிறார்?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். ஐந்தாவது படிக்கும் மகன் நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கணவரின் நண்பர் கொளத்தூரில் ஒருவரிடம் லேப்ரடார் குட்டி இருப்பதாகச் சொல்கிறார். பிறந்து முப்பது நாள்தான் ஆகிறதாம். "சின்னதிலேயே வாங்கினால்தான் ஒட்டும்" என்கிறார். எங்கள் தெருவிலேயே இத்தனை குட்டிகள் திரியும்போது காசு கொடுத்து ஜாதி நாய் வாங்க எனக்கு மனசு வரவில்லை. வாங்குவது தப்பா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாளைக்கு எங்களால் வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சப்பட ஒன்றுமில்லை. நாயைக் கொண்டுவரும் முன்பே இதை யோசிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அவசரமான விஷயம்: அந்த முப்பது நாள் குட்டி வேண்டாம்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், குட்டியின் பக்கமிருந்து பாருங்கள். நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும் அது கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும், விளையாட்டு நின்றுவிடும். தாயைக் கடித்தால் தாய் உறுமும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் வந்த குட்டிக்கு உங்கள் மகனின் கைதான் பாடப் புத்தகம். அப்புறம், 'ஒட்டும்' என்பது. மூன்று வயதில் வேறு வீட்டுக்குப் போன நாய்கள் புது வீட்டாரின் செருப்புச் சத்தத்தை மாடிப்படியிலேயே அடையாளம் காண்கின்றன. ஒட்டுவதற்கு வயது தடையில்லை.

வாங்குவது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. காசு கைமாறுகிறதா இல்லையா என்பதை வைத்து நான் இதைப் பார்ப்பதில்லை. இலவசமாகக் கொடுக்கிறவர்களிலும் பொறுப்பில்லாதவர்கள் உண்டு, விலைக்குக் கொடுக்கிறவர்களிலும் கண்ணியமானவர்கள் உண்டு. நான் பார்ப்பது இரண்டே விஷயம். குட்டியைத் தருகிறவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? சரிப்படாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வாரா? எந்த மாடி, பகலில் யார் இருப்பார்கள், ஹவுஸ் ஓனர் சம்மதித்தாரா, இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது என்றெல்லாம் துருவுகிறவர் அந்தக் குட்டி எங்கே போய்ச் சேரும் என்று கவலைப்படுகிறார். விலையை மட்டும் பேசி, "ஜிபே பண்ணிடுங்க, மூலக்கடை பக்கம் கொண்டுவந்து தர்றேன்" என்கிறவரிடம் வாங்காதீர்கள். குட்டி பிறந்த இடத்தை நீங்கள் பார்க்கக்கூடாது என்பதற்கு அவரிடம் ஏதோ காரணம் இருக்கிறது.

பிறந்த இடத்துக்குப் போனால் குட்டியைத் தூக்கும் முன் தாயைப் பாருங்கள். பால் கொடுக்கும் நாய் இளைத்துத்தான் இருக்கும். ஆனால் விலா எலும்பை எண்ணும்படி இருந்தாலோ, ஆட்களைக் கண்டதும் மூலையில் ஒண்டினாலோ யோசியுங்கள். வயதையும் எத்தனையாவது ஈத்து என்பதையும் கேளுங்கள். ஒரு பெண் நாயை வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் போட விடக்கூடாது என்பதும், எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பிறகு குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தால் பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்று அர்த்தம். தலைக்குப் பின்னால் கைதட்டுங்கள், திரும்புகிறதா என்று பாருங்கள். வெள்ளை நிற ராஜபாளையம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பிரீடர், அதாவது குட்டி போடவைத்து விற்கிறவர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழைக் காட்டி 'பேப்பர் இருக்கு' என்பார்கள். அது வம்சாவளிக்கான காகிதம். இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், தாய் தகப்பனின் எக்ஸ்ரே உண்டா என்று கேட்கலாம்.

பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூண்டுக்குள் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். பரிதாபத்தில் வாங்காதீர்கள். நீங்கள் ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டுபோனால் காலியான கூண்டுக்கு அடுத்த வாரம் இன்னொன்று வரும். தவிர, பல இடத்துக் குட்டிகள் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் சுலபமாகத் தொற்றும். வீட்டுக்கு வந்த நாலைந்து நாளில் வாந்தி, ரத்தபேதி என்று தொடங்கும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்குச் சாகாது, பிளீச்சிங் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

உங்கள் தெருக் குட்டிகளைப் பற்றி. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அவற்றைவிடப் பொருத்தமான நாய் கிடையாது. ஆனால் தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குட்டியைப் பிரிக்காதீர்கள். தாய்க்குச் சோறு வையுங்கள், இரண்டு மாதம் ஆகட்டும், பிறகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் 1913க்குப் போன் செய்து தாய்க்குக் கருத்தடை செய்யச் சொல்லுங்கள். மாநகராட்சியின் கருத்தடை மையம் ஒன்று புளியந்தோப்பிலேயே இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஈத்தும் அதே தெருவில்தான்.

சரி, உங்கள் வீட்டுக்கு எது? முதலில் மாமியாரைக் கேளுங்கள். மகன் பள்ளிக்கும் நீங்கள் இருவரும் வேலைக்கும் போன பிறகு அந்த நாய் அவருடைய நாய். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை மூத்திரம் போகும். பதினாறு வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒரு ஊசி என்று போட்டு முடிக்கும்வரை மற்ற நாய்கள் திரியும் தெருவில் அதை இறக்கிவிடவும் முடியாது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி வேறு. இத்தனையும் அவர் முழங்காலை நம்பி நடக்க வேண்டும். லேப் வளர்ந்தால் முப்பது கிலோ. பத்து வயதில் அதற்கு இடுப்பு நோவு வந்தால் இரண்டு மாடி யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?

அதனால் என்னைக் கேட்டால், குட்டியே வேண்டாம், காப்பகத்திலிருந்து ஒன்றரை இரண்டு வயது நாட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்த வயதில் அதன் குணம் தெரிந்துவிடும். குழந்தைகளோடு எப்படி, தனியாக இருந்தால் குரைக்குமா, மாடிப்படி ஏறுமா என்பதைப் பராமரிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊசியும் கருத்தடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். வீட்டைப் பார்க்க வருகிறோம் என்பார்கள், ஆதார் கேட்பார்கள். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். எதுவும் கேட்காமல் சாக்கில் போட்டுக் கொடுக்கும் காப்பகத்துக்கும் மூலக்கடையில் வைத்து விற்கிறவருக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. எந்த நாயானாலும் முதல் வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாநகராட்சி உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் வேண்டும்.

இப்போது நீங்கள் கூச்சப்பட்டுக் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி. கொடுக்கலாம். வேலை போகும், வீடு மாறும், உடம்பு முடியாமல் போகும். வாழ்க்கையில் எல்லாம் வரும். தெருவில் விடுவதுதான் குற்றம். 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரைதான் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குக் குப்பைத்தொட்டியில் தேடத் தெரியாது. அந்தத் தெரு நாய்கள் அதை உள்ளே விடவும் விடாது.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, வெளிநாட்டு வேலை வந்ததால் தங்கள் நாலு வயது லேபை மாதவரத்தில் ஓய்வுபெற்ற தம்பதியிடம் கொடுத்தது. நாயோடு ஒரு நோட்டுத் தாளும் போனது. அந்த வீட்டுப் பெண் எழுதியது. "இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், இழுக்காதீர்கள். சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமுவாள். வலது காது அடிக்கடி சீழ் வைக்கும். புல்லட் சத்தம் கேட்டால் துரத்துவாள், கயிறு இல்லாமல் கூட்டிப்போக வேண்டாம்." நாய் படுத்திருந்த போர்வையையும் துவைக்காமல் கொடுத்தார்கள், பழைய வாசனை இருக்கட்டும் என்று. உறுமுவதை மறைத்திருந்தால் நாய் சீக்கிரம் போயிருக்கும், அதே வேகத்தில் திரும்பியும் வந்திருக்கும்.

கொடுக்க நேர்ந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் தந்தவரிடமே கேளுங்கள். பிறகு தெரிந்தவர்கள். "இலவசம்" என்று முகம் தெரியாதவருக்குக் கொடுக்காதீர்கள். அதுவும் கருத்தடை செய்யாத ஜாதிப் பெண் நாய் என்றால் குட்டி போடவைத்து விற்கவே எடுத்துப்போக ஆள் வருவார்கள். முதலில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி அட்டையைக் கொடுங்கள், உரிமத்திலும் சிப்பிலும் பெயரை மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் எல்லோரும் லேப்தான் என்று முடிவெடுத்தால் கொளத்தூருக்குப் போய்ப் பாருங்கள். தாயோடு இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். முதல் தடவை மகனைக் கூட்டிப்போக வேண்டாம். குட்டியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வர அவனால் முடியாது.