பழைய ஸ்காட்டியப் பாடல்களில் 'மை ஜோ' என்று வருகிறதே, அந்த ஜோ யார்?

யாருமில்லை. அது பெயரே அல்ல. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 'ஜான் ஆண்டர்சன், மை ஜோ' பாட்டைத் தமிழில் கொண்டுவரப் போய் முதல் வரியிலேயே நின்றுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜோவை ஜோசப் என்றோ ஜோசஃபின் என்றோ ஆக்கினால் பாட்டுக்குள் மூன்றாவது ஆள் புகுந்துவிடுவார். அங்கே இருப்பது கிழவனும் கிழவியும்தான். ஜான்தான் அந்த ஜோ.

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'ஜாய்', அதாவது மகிழ்ச்சி, ஸ்காட்ஸ் மொழியில் வால் தேய்ந்து 'ஜோ' ஆனது. மகிழ்ச்சியைக் குறித்த சொல், மகிழ்ச்சி தருகிற ஆளைக் கூப்பிடும் சொல்லாக மாறியது. பெற்ற பிள்ளையை நாம் 'செல்வமே' என்கிறோமே, அதே வழிதான். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஸ்காட்ஸ் தனி மொழியா, ஆங்கிலத்தின் வட்டார வழக்கா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். எப்படி வைத்துக்கொண்டாலும் இந்தச் சொல்லின் பொருள் மாறாது.

மாறுவது தொனி. பர்ன்ஸுக்கு முன்பே இந்தப் பாட்டு கொச்சையான வரிகளோடு புழங்கியது. கட்டிலில் புருஷனுக்குத் தெம்பு போய்விட்டதென்று பெண்டாட்டி ஏசுகிற பாட்டு. அதில் 'மை ஜோ' வெறும் நக்கல். பர்ன்ஸ் மெட்டையும் விளிப்பையும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார். 1790-இல் 'ஸ்காட்ஸ் மியூசிக்கல் மியூசியம்' என்ற பாட்டுத் திரட்டின் மூன்றாம் தொகுதியில் வந்த அவர் பாட்டில், ஒன்றாக மலையேறிய இருவர் கைகோத்து இறங்கி, அடிவாரத்தில் சேர்ந்தே உறங்கப் போகிறார்கள். இங்கே 'காதலனே' என்று போட்டால் கிழவிக்கு இருபது வயதாகிவிடும். 'கண்ணாளா' சினிமா வாடை. 'என் ராசா' சரியாக உட்காரும்.

அதே 'என் ராசா'வை பர்ன்ஸின் இன்னொரு பாட்டான 'ஆல்ட் லாங் சைன்' பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1796-இல் அச்சான வடிவத்தில் பல்லவியில் 'மை ஜோ' இருக்கிறது. 1799-இல் ஜார்ஜ் தாம்சன் வெளியிட்ட வடிவத்தில் அதே இடத்தில் 'மை டியர்'. கையில் இருப்பது எந்தப் பாடம் என்று முதலில் பாருங்கள். அங்கே பேசுவது கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் பழைய சிநேகிதர்கள். 'நண்பா' போதும்.

அகராதி பார்க்க ஸ்காட்ஸ் மொழி அகராதித் தளம் இலவசம். 1700 வரைக்கும் ஓர் அகராதி, அதற்குப் பிந்தையதற்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும். பழைய எழுத்தில் ஐயும் ஜேயும் ஒன்றுக்கொன்று மாறி வரும் என்பதால் 'ஐஓ' என்று இருந்தாலும் அது ஜோதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்ஸில் காதலிப்பது என்ற வினையை எல், ஓ, மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி), ஈ என்று அச்சடிக்கிறார்கள். அந்த மேற்குறி, ஆங்கிலத்தில் இருக்கும் 'வி' இங்கே இல்லையே என்று மன்னிப்புக் கேட்கிற குறி. ஸ்காட்ஸில் அந்த 'வி' விழுந்து எத்தனையோ காலம். 'ஹேவ்' ஹே ஆனதும், 'கிவ்' கீ ஆனதும் அப்படித்தான். 1947-இல் எடின்பரோவில் கவிஞர்கள் கூடி எழுத்து நெறி வகுத்தபோதே இத்தகைய குறிகள் வேண்டாம் என்றார்கள். பாடநூல் போடுகிறவர்கள் இன்னும் விடுவதாக இல்லை. அந்த எழுத்துக்களை நம்பித் தமிழில் 'லோ' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். உச்சரிப்பு 'லூ'.