அறுபதைக் கடந்தபின் ஆடக் கற்றுக்கொள்வதால் என்ன பயன்?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு: 62 வயதில் புதிதாக ஓர் ஆட்டம் கற்றுக்கொள்வதால், தினமும் நடப்பதில் கிடைக்காத பயன் ஏதேனும் உண்டா என்பது ஒன்று, நாலு பேர் முன்னால் ஆடும் கூச்சத்தை என்ன செய்வது என்பது மற்றொன்று. நான் 63ஆம் வயதில் வள்ளி கும்மி கற்றுக்கொண்டவன். இப்போது எனக்கு வயது 66. முதல் கேள்விக்கு என் பதில், உறுதியாக உண்டு என்பதே. நடை கால்களுக்கு வலுவூட்டுகிறது; ஆட்டமோ திரும்புவதற்கும், பின்னால் அடி வைப்பதற்கும், போகிற வேகத்தில் சட்டென்று நிற்பதற்கும் உடலைப் பழக்குகிறது. வயதானவர்களுக்கு ஆபத்து பதுங்கியிருப்பது பெரும்பாலும் அந்தக் கணங்களில்தான்.

இதை நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மழைநாள் காலையில், ஈர வாசலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பினேன். கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. தரையைப் பார்த்தே நடந்தேன். பேருந்துப் படியில் ஏறத் தயங்கினேன். கல்யாண வீடுகளுக்கு மனைவியை மட்டும் அனுப்பினேன். இத்தனைக்கும் தார்ச்சாலையில் தினமும் 4 கிலோமீட்டர் நடந்துகொண்டுதான் இருந்தேன். நேர்ச்சாலையில் நேராக நடப்பது, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் தைரியத்தை எனக்குத் திருப்பித் தரவில்லை.

அந்த ஆண்டு எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கியது. முதலில் சேர்ந்தது என் மனைவி. அவரை அழைத்துவரப் போன நான், நான்காம் நாள் கடைசி வரிசையில் நின்றேன். கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தினைப்புனம் காக்கும் வள்ளியை முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து மணமுடிக்கும் கதையைப் பாட்டாகப் பாடி, கைகொட்டி, அடி மாற்றி மாற்றி ஆடும் கூட்டாட்டம் இது. ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் பயிற்றுவித்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. இன்று பல ஊர்ப் பயிற்சிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயிலை நான் அறியேன்.

முதல் மூன்று வாரங்கள் கடினமாக இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. கை ஒரு பக்கம் கொட்டும்போது கால் மறுபக்கம் போக வேண்டும். முன்னால் இரண்டு அடி வைத்து, பின்னால் ஒன்று வாங்கி, அரைவட்டமாகத் திரும்பி, குனிந்து கொட்டி, நிமிர வேண்டும். அதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தே ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியருக்கு முப்பது வயதுகூட இருக்காது, அருகில் வந்து, "சார், காலைப் பாக்காதீங்க. பாட்டைக் கேளுங்க, காலு தானா வருமுங்க" என்றார். எனக்கு முன்னால் நின்ற ஒன்பது வயதுச் சிறுமி, "தாத்தா, மொதல்ல வலது காலுங்க" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் நினைவூட்டினாள்.

ஆசிரியர் சொன்னதன் பொருள் பிறகுதான் எனக்கு விளங்கியது. நாம் விழாமல் நிற்பதற்கு உட்காது, கண், பாதமும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றையும் மூளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுகிறது. வயது ஏற ஏற இம்மூன்றும் சற்றே மங்குகின்றன. அப்போது நாம் செய்யும் தவறு, கண்ணை மட்டும் நம்பித் தரையையே பார்த்துக்கொண்டிருப்பது. அதனால் மற்ற இரண்டும் பயன்பாடு குறைந்து இன்னும் மங்குகின்றன. தலையை நிமிர்த்திக்கொண்டு சுற்றித் திரும்பும்போது உட்காதும், மண்தரையில் வெறுங்காலோடு அடி வைக்கும்போது பாதமும் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. மூன்றாம் மாதத்தில் ஒருநாள், பால் ஊற்றுகிறவர் பின்னாலிருந்து கூப்பிட்டபோது, அதே வாசலில் யோசிக்காமல் திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

விழுவதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அவர்களில் மிகுதியானவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியை வாரம் 3 நாட்களாவது செய்ய வேண்டும் என்கிறது. நம்மில் பலர் நடப்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறோம்.

நினைவாற்றலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் அளந்து சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் பார்க்கப்பட்ட உடலுழைப்புகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி வராதவர்களே தொடர்ந்து ஆடினார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு தீர்த்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் நடந்து 2017-இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், முதியவர்களில் ஒரு குழு 18 மாதங்கள் புதுப்புது நடன அடிகளையும், மற்றொரு குழு ஒரே மாதிரியான உடற்பயிற்சிகளையும் செய்தன. நினைவுக்குரிய மூளைப்பகுதி இரு குழுவினருக்குமே வளர்ந்திருந்தது. சமநிலை தெளிவாக மேம்பட்டது ஆடியவர்களுக்குத்தான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 'புதுப்புது' என்னும் சொல். எங்கள் ஆசிரியர் 20க்கு மேற்பட்ட பாடல்களுக்குத் தனித்தனி அடிகள் கற்றுத்தந்தார். பழகிய நாலு பாட்டையே ஆடிக்கொண்டிருந்தால் உடம்புக்கு வேலை இருக்கும், தலைக்கு இருக்காது.

மூட்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வருகிறேன்; இந்த இடத்தில் அவசரம் கூடாது. தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு ஆடக் கூடாது. பிடிமானமுள்ள செருப்போ காலணியோ அணிந்து ஆடி, வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குனிந்து விரைவாக நிமிரும்போது தலை சுற்றலாம். அந்த அடியை மட்டும் நின்றவாறே கொட்டிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சிமெண்டுத் தரையைவிட மண்தரை மூட்டுக்கு நல்லது. நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே நிறுத்திவிட்டு, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். என் மனைவிக்கு இடது முழங்காலில் தேய்மானம் உண்டு. குதித்து வைக்கும் அடிகளை அவர் தரையோடு தரையாக வைத்தே ஆடுகிறார்.

முழங்கால் ஒத்துழைக்கவே இல்லை என்றாலும் கதவு மூடிவிடுவதில்லை. பரதத்தில் அபிநயம் என்று ஒரு பெரும் பகுதி இருக்கிறது. அது பெரிதும் முகத்துக்கும் கைக்கும் கண்ணுக்கும் உரியது. பதின்ம வயதில் ஆட்டத்தை நிறுத்திவிட்ட கலாநிதி நாராயணன், ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து 1973-இல் நாட்டிய உலகுக்குத் திரும்பி வந்து, அபிநயம் கற்பிப்பதில் தமக்கு இணையில்லை என்னும் பெயரைப் பெற்றார். 1985-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். குடும்பப் பொறுப்புகளில் கழிந்த அந்த 30 ஆண்டுகள் அவருடைய அபிநயத்துக்கு உரமாகவே அமைந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் இருந்தது. நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் பிள்ளைகள் முன்னால், கால் தப்பிப் போகும் ஆளாக நிற்க வேண்டியிருந்தது. கூட்டாட்டத்தில் இதற்கு ஒரு தீர்வு இயல்பாகவே இருக்கிறது: எல்லோரும் தம் அடியில் கவனமாக இருப்பதால், உங்களைப் பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது. அரங்கேற்றத்தன்று ஊரே திரண்டிருந்தபோதுகூட, எனக்குக் கேட்டது பாட்டும் நாற்பது சோடிக் கைகள் ஒன்றாகக் கொட்டிய ஓசையும் மட்டும்தான். ஆகவே தனியாக வீட்டில் கைப்பேசியைப் பார்த்துப் பழகிவிட்டுப் பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பயிற்சி நடக்கும் திடலுக்கு ஒரு மாலை நேரில் போங்கள். கடைசி வரிசையில், நன்றாக ஆடும் ஒரு குழந்தைக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். முதல் வாரம் கையை மட்டும் கொட்டுங்கள். கால் இரண்டாம் வாரம் சேர்ந்துகொள்ளட்டும்.