ஒரே மாத்திரை சாப்பிட்டும் எனக்கு மட்டும் வைட்டமின் டி ஏன் குறைவு?

லண்டனில் கர்ப்பமாக இருக்கும் நீங்களும் உடன் வேலை செய்யும் வெள்ளைக்காரத் தோழியும் டப்பாவில் "400" என்று போட்ட ஒரே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறீர்கள். அப்படியும் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி உங்களுக்கு 22, அவருக்கு 60 என்பதற்கு முக்கியக் காரணம் தோல் நிறமாகத்தான் இருக்கும். நீங்கள் எதையும் தவறாகச் செய்ததாக எண்ணி வருந்த வேண்டாம். கருமை தரும் மெலனின் என்ற நிறமி அதிகமுள்ள தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி உண்டாக்க அதிக வெயில் வேண்டும். லண்டனிலோ அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அதற்கான கதிரே போதுமான அளவு கிடைப்பதில்லை.

மாத்திரை இந்த இடைவெளியை முழுதாக நிரப்பிவிடாது. 2007-இல் வெளியான அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கர்ப்பகால வைட்டமின் எடுத்திருந்தார்கள். அப்படியும் பிரசவ நேரத்தில் கறுப்பினப் பெண்களில் 29 சதவீதம் பேருக்குக் குறைபாடு, வெள்ளையினப் பெண்களில் 5 சதவீதம் பேருக்குத்தான்.

சரி, இன்றைக்கே இரண்டைப் பாருங்கள்.

1. டப்பாவில் உள்ள "400" எதைக் குறிக்கிறது? ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் என்றால் அதில் வைட்டமின் டி இல்லாமலே இருக்கலாம். வைட்டமின் டி 400 ஐயூ (IU, சர்வதேச அலகு) என்பது 10 மைக்ரோகிராம். பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் தினசரி அளவு அதுதான்.

2. ரிப்போர்ட்டில் என்ன அலகு? லிட்டருக்கு 22 நானோமோல் (nmol/L) என்றால் குறைபாடுதான். மில்லிலிட்டருக்கு 22 நானோகிராம் (ng/mL) என்றால் அது 55 நானோமோலுக்குச் சமம், பயமில்லை.

நானோமோல்தான் என்றால் 10 மைக்ரோகிராம் போதாமல் போகலாம். மிட்வைஃபிடமோ ஜிபியிடமோ (குடும்ப மருத்துவர்) இந்த வாரமே காட்டுங்கள். நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள். அப்புறம், மீன் ஈரல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள வைட்டமின் ஏ அதிகமானால் குழந்தைக்குக் கெடுதல்.