எமுலேட்டர் எழுதும் மகனைத் தடுக்கலாமா?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மையாருக்கு வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகன், 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியை உலாவிக்குள் (பிரவுசர்) இயங்கச் செய்யும் எமுலேட்டர், அதாவது அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், ஒன்றை இரவெல்லாம் கண்விழித்து எழுதுவதாகவும், அது படிப்பா விளையாட்டா என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான். கணினிக் கட்டமைப்பு என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாகக் கற்பிக்கும் பயிற்சி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி (புராசஸர்), கணினியோடு வரும் மாறாத நிரலைத் தாங்கிய 16 கிலோபைட் ரோம், வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் 48 கிலோபைட் ராம் என்று அந்தக் கணினி ஒருவரே முழுவதையும் மனத்தில் வாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் தங்கள் மகன் நிரலாக எழுத வேண்டும். திரையை வரைவதற்கு, புள்ளிகளுக்குரிய 6,144 பைட்டுகளையும் வண்ணங்களுக்குரிய 768 பைட்டுகளையும் நினைவகத்திலிருந்து எடுத்து இணைக்க வேண்டும். இவற்றைவிடக் கடினமானது நேரக் கணக்கு. பழைய கணினி நொடிக்கு ஏறத்தாழ 50 முறை திரையைப் புதுப்பித்தது. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் 60 முறை புதுப்பிக்கின்றன. மடிக்கணினியின் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உலாவி எமுலேட்டரை அழைக்கும்; அப்போதெல்லாம் பழைய கணினியின் ஒரு சட்டகத்தை (ஒரு முறை திரையை வரையும் வேலையை) ஓட்டிவிட்டால் விளையாட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும் என்பதால், கழிந்த நேரத்தை அளந்து, சட்டகம் ஒன்றுக்குச் செயலியின் 69,888 கடிகாரத் துடிப்புகள் என்ற கணக்கில் செலவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு. சிப் சரிபார்ப்பிலும், சென்னையைச் சுற்றியுள்ள வாகனத் தொழிலுக்கான எம்பெடட் மென்பொருளிலும் (கருவிக்குள்ளேயே பதிந்து இயங்கும் மென்பொருள்), அசல் மின்சுற்றுப் பலகை கைக்கு வருமுன்பே அதன் மென்பொருள் வடிவத்தில் நிரலைச் சோதிப்பது அன்றாட வேலை. ஆனால் வளாகத் தேர்வின் முதல் சுற்றான ஆப்டிட்யூட் தேர்வு எமுலேட்டரைக் கண்டுகொள்ளாது. அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை. ஆகவே செமஸ்டர் முடியும்வரை நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். தடை விதித்தால் அவர் ஒளிந்து செய்வார், தூக்கம்தான் கெடும்.

இரண்டாவது கணினிக்கு எமுலேட்டர் எழுதத் தொடங்குமுன் முதலாவதை முடிக்கச் சொல்லுங்கள். அரைகுறையான மூன்றை நேர்காணலில் காட்டுவதைவிட, இசட்80-க்கென இலவசமாகக் கிடைக்கும் சோதனை நிரல்களில் தேறிய ஒன்றைக் காட்டுவது மேல். பிறர் நிரலைப் பார்த்து எழுதிய பகுதி எதுவென்று அவர் குறித்து வைக்கட்டும், ஏனெனில் நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். ரோமில் உள்ள நிரலின் பதிப்புரிமை யாருடையது, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதையும் எமுலேட்டரை இணையத்தில் பதிவிடுமுன் அவர் படித்தறிய வேண்டும்.