'சிஸ்டர்' என்று கூப்பிட்டாலே கூசுகிறது!

கேள்வி: நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.பி. பார்ப்பது, படுக்கை விரிப்பது என்றே வார்டு போஸ்டிங் போய்க்கொண்டிருக்கிறது. எடுபிடி போலத்தான் உணர்கிறேன். நோயாளிகள் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் வேஷம் போட்டதுபோல் கூசுகிறது. எப்போதுதான் நான் நர்ஸ் ஆவேன்?

பதில்: முதலில் அந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி. நோயாளியிடம் போனதும், "நான் இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி. பி.பி. பார்க்க வந்திருக்கிறேன், பார்க்கலாமா?" என்று சொல்லிவிடுங்கள். தன்னைத் தொடுபவர் யாரென்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதற்குப் பிறகும் அவர் 'சிஸ்டர்' என்றால் அதில் பொய் எதுவும் இல்லை.

செவிலியரின் வளர்ச்சியை 1984இல் ஐந்து நிலைகளாக விவரித்த அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர், ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே மூன்றாவது நிலையான தேர்ச்சி வருகிறது என்றார். ஆகவே இப்போது தடுமாறுவது இயல்புதான். ஆனால் நாள் போனால் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். எடுபிடி வேலை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில்தான் ஒரு நர்ஸ் உருவாகிறார்.

படுக்கை விரிப்பதையே எடுத்துக்கொள்வோம். நோயாளியை ஒருக்களிக்க வைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் இடுப்பின் பின்புறமும் குதிகாலும் கண்ணில் படும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். கணக்குப் பார்க்காமலே 18, 20 என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் பல வார்டுகளில் உண்டு. நிலைமை மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சுதான் என்பதால் இந்தப் பழக்கம் ஆபத்தானது. நாடி பார்த்து முடித்ததும் கையை விடாமல், அப்படியே மார்பின் ஏற்ற இறக்கத்தை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார்.

கண்டதை வார்டு நர்ஸிடம் சொல்லப் பழகுவது அடுத்தது. மாணவிகள் அதிகம் தயங்குவது இங்கேதான். நான்கு பகுதியாகச் சொல்லுங்கள்: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். "சிஸ்டர், ஜன்னலோரம் இருக்கும் அம்மாவுக்கு மூச்சு 26, நாடி 112. நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், காலையில் மூச்சு 18தான் இருந்தது. நிலைமை மோசமாகிறதோ என்று பயமாக இருக்கிறது. இப்போதே வந்து பார்க்கிறீர்களா?" முதலில் தாளில் எழுதிக்கொண்டே சொல்லலாம், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

தெரியாததைச் செய்யச் சொன்னால், "இதைத் தனியாகச் செய்ததில்லை, நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்கிறேன்" என்று சொல்லும் துணிவும் இந்தத் தொழிலின் அடையாளம்தான்.

எங்கே தவறிப்போகிறது? வகுப்பில் கற்றதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி தரும் அதிர்ச்சியைப் பற்றி அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974லேயே எழுதினார். வார்டில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்ற ஆசையில், மருந்து கொடுக்கும் முன்பே கொடுத்ததாகக் கையெழுத்துப் போடுவதைக்கூடச் சிலர் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு நோயாளி வாந்தியெடுத்தாலோ ஸ்கேனுக்குப் போய்விட்டாலோ, கொடுக்காத மருந்து கொடுத்ததாகவே பதிவில் நிற்கும். வேறு சிலர் வார்டையே வெறுத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று பணிவாகக் கேளுங்கள். சில குறுக்குவழிகளுக்கு நல்ல காரணம் இருக்கும். அவசரத்தைத் தவிர வேறு காரணமே இல்லாததை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நல்ல ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரைக் கவனியுங்கள். கையின் வேகத்தைவிட, உள்ளே நுழைந்ததும் அவர் கண் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்: முகம், மூச்சு, டிரிப், சிறுநீர்ப் பை. வேலை ஓய்ந்ததும், "ஏன் அவரை முதலில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

டியூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று வரி எழுதுங்கள்: எதைப் பார்த்தேன், என்ன நினைத்தேன், பிறகு என்ன ஆனது. நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ அதில் இருக்கக் கூடாது. உங்கள் கணிப்பு தவறிய நாட்களின் குறிப்பை மட்டும் மாதம் ஒருமுறை டியூட்டரிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள்.