பின்னட்டைக்கு 80 சொல் [கடிதம்]

அன்புள்ள ஐயா,

புத்தகக் காட்சியில் உங்கள் புதிய நாவலை வாங்கினேன். மறுநாள் வேலை இருந்தும் இரவு இரண்டு மணிவரை முழித்திருந்து படித்து முடித்தேன். ஒரே ஒரு குறை. பின்னட்டையில் வெறும் நாலு வரி! பக்கத்தில் இருந்த நூல்களிலெல்லாம் 'தமிழின் தவிர்க்க முடியாத ஆளுமை' என்று போட்டிருக்கிறார்கள். 412 பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு அரைப் பக்கம் எழுத வராதா, இல்லை பதிப்பாளர் சிக்கனமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பதிப்பாளர் மேல் தவறில்லை. எனக்குத்தான் வரவில்லை. அவர் கேட்டது 80 சொல், கொடுத்த தவணை ஒரு வாரம். நான் எடுத்துக்கொண்டது ஐந்து வாரம். அட்டைப்படம்கூட முடிந்து, அச்சகத்துக்குப் போக வேண்டிய புத்தகம் இந்த 80 சொல்லுக்காகக் கிடந்தது.

முதலில் எழுதியது இது: 'உறவுகளின் சிடுக்குகளையும் காலத்தின் கருணையின்மையையும் நுட்பமாகப் பேசும் படைப்பு.' ஏதோ உறுத்தியது. அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஏழெட்டு நாவல்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் இந்த வரியை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பொருந்தியது. நடுவில் வந்துவிட்ட ஊறுகாய்ச் சமையல் குறிப்புக்கும் ஏறக்குறைய பொருந்தியது.

சரி, கதையையே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். எதை விடுவது என்று எழுதியவனுக்குத் தெரிவதில்லை. தாத்தா நாமக்கல்லுக்கு வந்ததைச் சொல்லாமல் பட்டறையைச் சொல்ல முடியுமா? பட்டறையைச் சொன்னால் லாரிக்கு மரத்தில் பாடி கட்டிய காலத்தை விட முடியுமா? 80 சொல் 600 ஆயிற்று. அண்ணனும் தம்பியும் இன்னும் பிறக்கவே இல்லை.

'யாராவது பெரிய ஆளிடம் இரண்டு வரி வாங்குங்களேன்' என்றார் பதிப்பாளர். நம் ஊரில் இது பழைய வழக்கம்தான். நூலையும் ஆசிரியரையும் பாராட்டி முன்னால் வைக்கும் சிறப்புப் பாயிரத்தை யார் பாட வேண்டும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் பட்டியலே தருகிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பார்கள். என் ஆசிரியர் காலமாகிவிட்டார். கூடப் படித்தவர்கள் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். மாணவர் யாரும் இல்லை. உரைகாரர் என்றால் அவர் நாவலைப் படித்தாக வேண்டும். நான் அணுகிய ஒருவர், 'நீங்களே எழுதி அனுப்புங்கள், பேரைப் போட்டுக்கொள்ளலாம்' என்றார். மறுபடி என்னிடமே வந்து நின்றது.

'தான்தற் புகழ்தல் தகுதி யன்றே' என்று சொன்ன, நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரே, அடுத்த சூத்திரத்தில் நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் தருகிறார். அதில் ஒன்று, தன் ஆற்றலை உணராதவர் நடுவே. புத்தகக் காட்சியை நினைத்துத்தான் எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. அனுமதி இருந்தும் கை வரவில்லை.

கடைசியில் காப்பாற்றியவர் மெய்ப்புப் பார்த்த பெண்மணி. வேறு எதற்கோ பேசும்போது, 'கதை என்னன்னு யாராவது கேட்டா என்னம்மா சொல்வீங்க?' என்றேன். யோசிக்கவே இல்லை. 'அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறாங்க சார். ஒரு வெல்டிங் மெஷின் மட்டும் யாருக்குன்னு முடிவாகல. பதினெட்டு வருஷம் அது பட்டறை நடுவுலயே கிடக்குது. ரெண்டு பேரும் சுத்திக்கிட்டுப் போறாங்க.' எழுத்து வழக்குக்கு மாற்றியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் பார்த்த நாலு வரி அதுதான்.

பாராட்டு இல்லாத குறை பதிப்பாளருக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன், இரவு இரண்டு மணி வரியை இரண்டாம் பதிப்பில் போடலாம் என்கிறார். 1856இல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன், புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் தனக்குத் தனிப்பட எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, கேட்காமலேயே தன் நூலின் முதுகில் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. போடலாமா? 'க., ஈரோடு' என்றே இருக்கட்டுமா, முழுப் பெயர் வேண்டுமா?